கடன் கிடைக்கும் ரிப்போர்ட், கடன் அடையும் ரிப்போர்ட்

பந்தல்குடிப் பக்கம் ஒருவர் குதிரைவாலி உரிக்கும் மில் போட நினைத்தால், வங்கியில் முதலில் கேட்பது புராஜெக்ட் ரிப்போர்ட். சில ஆயிரம் கொடுத்தால் டவுனில் ஒரே நாளில் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். கதர் கிராமத் தொழில் ஆணையம் இலவசமாகவே இணையத்தில் போட்டிருக்கும் மாதிரித் திட்டத்தில் பெயரும் ஊரும் மாறும், அவ்வளவுதான். முதல் வருடம் 60 சதவீத உற்பத்தி, அடுத்து 70, அப்புறம் 80. தானியம் மாதாமாதம் ஒரே அளவில் வந்து இறங்கும்.

கரிசலில் அப்படி இறங்காது. மானாவாரிக் குதிரைவாலி ஐப்பசி மழையை நம்பியது. அறுவடையான சில வாரங்களுக்குள் வாங்கி அடுக்கினால்தான் மில் வருடம் முழுக்க ஓடும். மெஷினுக்குக் கடன் வாங்கிவிட்டு, தானியம் வாங்கக் காசில்லாமல் நிற்பது இதனால்தான். மூட்டையை எங்கே அடுக்குவீர்கள், உமி போக அரிசி எத்தனை கிலோ தேறும், மழை தப்பினால் சரக்கு எங்கிருந்து வரும் என்று கேட்டுவிட்டு எழுத உட்காருபவர் இரண்டு மடங்கு கூலி கேட்டாலும் தகும்.

உணவுத் தொழிலுக்கு அரசே ஆள் தருகிறது. 2020-ல் வந்த மத்திய அரசின் உணவு பதப்படுத்தும் குறுந்தொழில் திட்டத்தில் 35 சதவீத மானியம், உச்சவரம்பு 10 லட்சம் ரூபாய். ரிப்போர்ட் தயாரிக்க உதவும் மாவட்ட வள நபருக்கு, கடன் ஒன்றுக்கு 20,000 ரூபாய் அரசின் கணக்கில். பாதி கடன் அனுமதியானதும், மீதி பதிவுகளும் பயிற்சியும் முடிந்து தொழில் நடைமுறைக்கு வந்தபின். நல்ல ஏற்பாடு. ஆனால் அதிலும் முதல் காசு கடன் அனுமதியில்தான் இருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க இலங்கை இருக்கிறது. அங்கே பெருங்கடனுக்குக் கொழும்பில் ஆலோசகர்கள் உண்டு. சிறுதொழிலில் வழி வேறு. 2006-ஆம் ஆண்டின் 17-ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான தேசிய தொழில்முயற்சி அபிவிருத்தி அதிகாரசபை போன்றவை பயிற்சி கொடுத்து, தொழில் தொடங்குபவரையே வணிகத் திட்டம் எழுத வைக்கின்றன. காசு மிச்சம், நாள்தான் செலவு. தன் சரக்கின் மீதுள்ள ஆசையில் விற்பனையைக் கூட்டி எழுதிவிடும் ஆபத்தும் உண்டு.

ஆனாலும் எனக்கு அந்த வழிதான் பெரிதாகப் படுகிறது. 2022 ஏப்ரல் 8 அன்று இலங்கை மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. பழைய வட்டியில் போட்ட திட்டங்களெல்லாம் அன்றோடு செல்லாமல் போயின. அந்த நாளில், கணக்கைத் தானே போட்டவருக்கு எந்த இடத்தில் கை வைப்பதென்று தெரியும். எழுதி வாங்கியவர் எழுதியவரைத் தேடி ஓட வேண்டும்.

பந்தல்குடிக்காரர் கூலிக்குத்தான் எழுத வைக்கப்போகிறார், வைக்கட்டும். எழுதியவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் விளக்கிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுக்கட்டும். மழை பொய்த்த ஒரு வருடத்தில் தவணை எப்படிக் கட்டுவதென்று தனியாக ஒரு பக்கமும் கேட்டு வாங்கட்டும்.