முழம் போட்டு விற்ற மாயம்

பிரான்சு நாட்டு ஜார்ஜ் மெலியெஸை (1861-1938) அறிவியல் கற்பனைப் படங்களின் முன்னோடி என்பர். கூடவே, 'பெரிய கலைஞர், ஆனால் வியாபாரம் தெரியாமல் நொடித்துப் போனார்' என்று ஒரு வரியும் சேர்ப்பர். நாற்பது ஆண்டுகள் ஜவுளிக்கடையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் அந்த இரண்டாம் வரியை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை.

அவர் காலணித் தொழிற்சாலை முதலாளியின் மகன். 1888இல் பாரிசில் ஒரு மாயாஜால அரங்கை விலைக்கு வாங்கி நடத்தினார். 1895 டிசம்பரில் லூமியேர் சகோதரர்களின் காட்சியைப் பார்த்தவர், 1897இல் மோந்த்ரேயில் கண்ணாடிக் கூடமே கட்டிவிட்டார். கள்ள நகலைத் தடுக்க, காட்சி ஜோடனையிலேயே தம் நட்சத்திர முத்திரையை வைத்தார். 1902இல் வந்த 'நிலவுக்கு ஒரு பயணம்' படத்தை அமெரிக்காவில் நகலெடுத்து விற்றார்கள். மறுவருடமே அண்ணன் காஸ்தோன் மூலம் நியூயார்க்கில் கிளை திறந்தார். இவரா வியாபாரம் தெரியாதவர்?

பின்னே எங்கே சறுக்கினார்? படச்சுருளை அவர் துணி மாதிரிதான் பார்த்தார். இத்தனை மீட்டர், இன்ன விலை, விற்றால் கணக்கு தீர்ந்தது. அன்று எல்லோரும் அப்படித்தான் விற்றார்கள். 1907இல் பாத்தே நிறுவனம் வாடகைக்கு விட ஆரம்பித்தது. 1909இல் பாரிசில் கூடிய தயாரிப்பாளர் மாநாடும் வாடகை முறையையே ஏற்றது. மாநாட்டுத் தலைவர் மெலியெஸ்தான்! வாரந்தோறும் புதுச்சரக்கு இறக்கும் பெருநிறுவனத்துக்கு வாடகை கட்டும். கையால் ஒவ்வொன்றாகச் செய்பவருக்கு எப்படிக் கட்டும்?

அவர் கலையிலும் இதே பழக்கம் தெரிகிறது என்பது என் கருத்து. நிலவின் கண்ணில் பீரங்கிக் குண்டு குத்தி நிற்கிறது. அடுத்த காட்சியில் அதே குண்டு மறுபடி நிலவில் இறங்குகிறது. சிலர் இதைப் பிழை என்பர். எனக்கோ, ஒரு சேலையை மடிக்காமலே அடுத்ததை விரித்துக் காட்டுவது போலப் படுகிறது. ஒவ்வொரு காட்சியும் தன்னளவில் முழுசு. கண்ணுக்கு நிறைவுதான், ஆனால் 1912இல் எடுத்த துருவப் பயணப் படத்திலும் கேமரா நகராமல் அதே விரிப்புத்தான். அதற்குள் ஜனங்கள் கதையின் ஓட்டத்துக்குப் பழகிவிட்டார்கள். பாத்தேயிடம் சொத்தை ஈடு வைத்து எடுத்த படங்கள் ஓடவில்லை. 1913உடன் தொழில் போச்சு.

முதல் உலகப் போரில் அவர் படச்சுருள்கள் பல உருக்கப்பட்டுச் சிப்பாய்களின் பூட்ஸ் குதிகளாயின என்பர். 1923இல் மிச்சமிருந்த மூலச் சுருள்களை அவரே கொளுத்தினார். பிறகு ரயில் நிலையத்தில் பொம்மைக் கடை. 1931இல் பிரான்சு அவருக்கு விருது அளித்தது.

500க்கு மேற்பட்ட படங்களில் இன்று சுமார் 200 இருக்கின்றன. எப்படித் தப்பின? பெரும்பாலும் பிறர் கைக்குப் போனதால்தான். கையால் வண்ணம் தீட்டிய நிலவுப் படப் பிரதி ஒன்று ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனாவில் 1993இல் கிடைத்தது. செப்பனிட்டு 2011இல் கான் விழாவில் திரையிட்டார்கள். வாடகைக்கு விட்டிருந்தால் பிரதிகள் திரும்பி வந்திருக்கும். அவையும் அந்தத் தீயில் போயிருக்கும். முழம் போட்டு விற்ற பழக்கம் மெலியெஸைக் கடனாளி ஆக்கியது உண்மை. அவர் படங்களை நமக்கு விட்டுவைத்ததும் அதே பழக்கம்தான்.