எம்.எஸ்.வி.யின் கையசைவைக் காதால் பிடிப்பது எப்படி?

கொழிஞ்சாம்பாறை டீக்கடையானாலும் மூணாறு எஸ்டேட் லயமானாலும், எம்.எஸ்.விஸ்வநாதன் பாட்டு என்றால் முதலில் டி.எம்.எஸ். குரல், அப்புறம் கண்ணதாசன் வரி, கடைசியில் மெட்டு. பாலக்காட்டுக்குக் கிழக்கே எலப்புள்ளியில் 1928இல் பிறந்த நம்மூர்க்காரர் என்ற பெருமையும் கூடவே வரும். அத்தனை வாத்தியக்காரர்களை எதிரே உட்காரவைத்து அவர் எப்படி வேலை வாங்கினார் என்பது மட்டும் பேச்சில் வருவதில்லை. மெட்டுப் போட்டவரைவிட, குழுவை நடத்திய விஸ்வநாதன் ஒரு படி மேல் என்பது என் கட்சி.

நம்பாதவர்கள் ‘சர்வர் சுந்தரம்’ (1964) படத்திலிருந்து தொடங்கலாம். அதில் ஒரு பாட்டு, ஒலிப்பதிவுக் கூடத்திலேயே படமாக்கப்பட்டது. மைக் முன்னால் டி.எம்.எஸ்., குழுவுக்கு எதிரே கையை வீசி நிற்கிறார் எம்.எஸ்.வி. முதல் தடவை நாகேஷின் ஆட்டத்தை ரசித்துவிடுங்கள். அதைத் தடுக்க யாராலும் முடியாது. இரண்டாம் தடவை அந்தக் கைகளை மட்டும் பாருங்கள். மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் கை உயர்ந்தது, எங்கே தணிந்தது என்பது காதிலேயே தெரியும்.

அந்தக் காலத்தில் பாடகர், வயலின்கள், புல்லாங்குழல், பாங்கோ எல்லாம் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில் பதிவாகும். ஒருவர் தவறினால் எல்லாரும் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். எது முன்னே நிற்க வேண்டும், எது பின்னே போக வேண்டும் என்பதில் பெரும்பகுதியை அங்கேயே, வாசிக்கும்போதே முடிவு செய்தாக வேண்டும். பிற்பாடு உட்கார்ந்து சரிசெய்துகொள்ள அதிகம் வழியில்லை.

ஐரோப்பாவில் கதை வேறு. இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் ஒரு பாலே இசையை 1913இல் பாரிஸில் முதன்முதலாக நடத்தியவர் பியேர் மோந்த்தோ என்ற பிரெஞ்சுக்காரர். அடுத்தவர் எழுதியதை நடத்துவது அவர் தொழில். அந்த இசைக்குறிப்பு அச்சில் கிடைக்கிறது. பின்னால் வந்தவர்களும் நடத்திப் பதிவு செய்திருக்கிறார்கள், ஒப்பிட்டுக் கேட்கலாம். எம்.எஸ்.வி. ஆர்மோனியத்தில் பிறப்பித்ததை ஹென்றி டேனியல், ஜோசப் கிருஷ்ணா போன்ற உதவியாளர்கள் குறிப்பாக்கி வாசிப்பவர்களுக்குக் கொடுத்தார்கள். அந்தத் தாள்களைக் கடையில் வாங்க முடியாது. நமக்கு மிஞ்சியது ஒலிப்பதிவு ஒன்றுதான். அதனால் பழைய மோனோ பதிவையே தேடிக் கேளுங்கள். மேலே புது டிரம்ஸ் பூசி விற்கும் பதிப்புகள் வேண்டவே வேண்டாம்.

அடுத்து ‘புதிய பறவை’ (1964). குற்றவுணர்ச்சியில் சிவாஜி தவிக்கும் அந்தப் பெரிய பாட்டு. எத்தனை வாத்தியம் என்று எண்ணுவதில் ரசிகர்களுக்கு ஒரு ஆனந்தம். அந்தப் பட்டிமன்றத்தை விட்டுவிடுங்கள். வயலின்களும் பெண் கோரஸும் அலையாக எழும்பிவிட்டு, டி.எம்.எஸ். வாயெடுக்கும்போது எப்படி வழிவிடுகின்றன என்று கவனியுங்கள். பெரிய குழுவைச் சத்தம் போடவைப்பது பெரிய வித்தையல்ல. அடங்கவைப்பதில்தான் ஆள் தெரிகிறது. இங்கே ஒரு நியாயமும் பேச வேண்டும். ‘பணம்’ (1952) முதல் 1965 வரை வந்தவை டி.கே.ராமமூர்த்தியோடு சேர்ந்து செய்தவை. ராமமூர்த்தி கைதேர்ந்த வயலின்காரர். அந்த நரம்பிசைக்கான பாராட்டில் அவர் பங்கைக் கழித்துவிடாதீர்கள்.

இருவரும் பிரிந்த பிறகு என்ன ஆனது என்று பார்க்க ‘உயர்ந்த மனிதன்’ (1968). பழைய நண்பர்கள் இருவர் பள்ளிப்பருவத்தை நினைத்து ஓடியாடும் பாட்டு. டி.எம்.எஸ். பாட, மேஜர் சுந்தரராஜன் பேசுகிறார். எனக்கு இதுதான் எம்.எஸ்.வி.யின் உச்சம். பேச்சுக்குத் தாளக்கட்டு கிடையாது. பேசுகிறவர் இழுப்பார், நிறுத்துவார், சிரிப்பார். ஓபராவில் பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவே ஒரு பகுதி வரும். அங்கே பாடகரின் மூச்சைப் பார்த்துக் குழுவைப் பிடித்துவைப்பதும் விடுவதும் நடத்துபவர் வேலை. அதே வேலை இங்கே ஒரு சினிமாப் பாட்டுக்குள் நடக்கிறது. பேச்சு முடிந்து இசை பாயும் நொடியை மட்டும் நாலைந்து தடவை கேளுங்கள். கடைசியில் வயதான மூச்சு வாங்குகிறதே, அதற்கும் வாத்தியங்கள் ஒதுங்கி இடம் கொடுக்கின்றன.

‘கர்ண’னை இந்துஸ்தானி ராகங்களுக்காகக் கேட்கலாம், ‘காதலிக்க நேரமில்லை’க்கு என் சிபாரிசு தேவையில்லை. தமிழ்த்தாய் வாழ்த்தும் அவர் இசைதான். மோகனத்தில், திஸ்ர நடையில், கூட்டமாகப் பாடினாலும் குலையாதபடி கட்டியிருக்கிறார்.

கடைசியாக ஒரு மலையாளப் படம், ‘பணி தீராத்த வீடு’. இதில் ஜெயச்சந்திரன் பாடிய பாட்டுக்கு மாநில விருது கிடைத்தது, எழுதியவர் வயலார். ஆனால் நான் சொல்ல வந்தது எம்.எஸ்.வி. தன் குரலிலேயே பாடிய பாட்டை. வழுவழுப்பான பாடகர் குரல் அல்ல அது, உடைகிறது, நீள்கிறது. பிறர் குரலுக்குக் குழுவை விலக்கி வழி செய்தவர், தன் குரலுக்கு எவ்வளவு வழி விட்டார் என்று கேளுங்கள். அதை ‘புதிய பறவை’ கேட்ட அன்றே கேட்டால் வித்தியாசம் சட்டென்று பிடிபடும்.