டோவாப்ளானின் வெடிகுண்டு

1984 முதல் 1994 வரை தோக்கியோவில் இயங்கிய காணொளி விளையாட்டு நிறுவனமான டோவாப்ளானைப் பற்றிப் பேசுவோர் பலரும், அதிலிருந்து பிரிந்தவர்கள் தொடங்கிய கேவ் நிறுவனத்துக்கு ஒரு முன்னுரையாகவே அதைக் கருதி நகர்ந்துவிடுகின்றனர். திரையை அடைத்துக்கொண்டு பொழியும் தோட்டா மழையே சுடுவிளையாட்டின் உச்சம் என்று கொள்வோருக்கு, 1993இல் வெளிவந்த 'பட்சுகன்' மட்டுமே டோவாப்ளானின் பெருமையாகத் தெரிகிறது. அந்தத் தோட்டாக் கோலங்களின் அழகை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் எண்ணிக்கையில் சில, வேகத்தில் கொடியவை என்று ஆடுபவரின் ஊர்தியையே குறிபார்த்து வந்த அதன் முந்தைய விளையாட்டுகளின் தோட்டாக்களில் இருந்த கண்டிப்பு, அந்த மழையில் கரைந்துபோயிற்று.

டோவாப்ளானின் உண்மையான கொடை வெடிகுண்டுதான். அது உருவாக்கி 1985இல் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட 'டைகர் ஹெலி'யில் ஹெலிகாப்டரின் இருபுறமும் ஒட்டியிருந்த குண்டுகள், எதிரியின் தோட்டா பட்டால் தாமாகவே வெடித்துச் சுற்றியிருந்தவற்றை அழித்தன. 1987இன் 'கியூக்யோகு டைகர்' வேறு பாடம் கற்பித்தது: பொத்தானை அழுத்தியபின் குண்டு வெடிக்கச் சற்று நேரம் பிடித்ததால், ஆபத்தை முன்கூட்டியே கணித்தவருக்கே அது உதவிற்று.

1988இல் மசாஹிரோ யுகே உருவாக்கிய 'தட்சுஜின்' அந்தத் தாமதத்தை நீக்கியது. விண்மீன்கள் தூவிய கரிய வெளியில் அழுத்திய கணமே மாபெரும் மண்டையோடு ஒன்று ஒளிர்ந்து விரிய, அதற்குள் தோட்டாக்கள் மறைந்து, பெருங்கலங்களும் சிதையத் தொடங்குகின்றன. அழிவுக்கு முகம் கொடுத்த இந்தத் துணிச்சலுக்கு ஈடான வெடிப்பு, பின்வந்த எந்த விளையாட்டிலும் இல்லை. அதன் மதிப்பை உயர்த்துவது விளையாட்டின் கடுமையே: ஆயுதம் ஒருபடி உயர ஐந்து வலிமைச் சின்னங்களைச் சேர்க்க வேண்டும், ஊர்தி அழிந்தாலோ சேர்த்த வலிமை போய், மீள்தொடக்கப் புள்ளி எனப்படும் முந்தைய இடத்திலிருந்து வெறுங்கையோடு ஏறிவர வேண்டும். இசையும் யுகேயுடையதே என்பதால், ஆட்டத்தின் பதற்றமும் பாட்டின் பதற்றமும் ஒரே மனத்திலிருந்து பிறந்தவையாக ஒலிக்கின்றன.

'ஜீரோ விங்' (1989) விளையாட்டின் வீட்டுப் பதிப்புக்காகப் பிழைபட எழுதப்பட்ட ஆங்கில முன்னுரையை வைத்தே இந்நிறுவனத்தை உலகம் நினைவுகூர்வது வருத்தத்துக்குரியது. தட்சுயா உவேமுராவின் இசை அதைவிட எவ்வளவோ நினைக்கத்தக்கது.

1990களின் தொடக்கத்தில் சண்டை விளையாட்டுகள் ஆர்கேட் கூடங்களை ஆட்கொண்டன; 1994இல் டோவாப்ளான் திவாலாகியது. கலைந்தவர்கள் கேவ், டகுமி, கெசல் எனச் சிதறினர். 2017இல் யுகே தொடங்கிய தட்சுஜின் என்னும் நிறுவனம் பழைய படைப்புகளின் உரிமையைத் திரட்டியதால் அவை மீண்டும் கிடைக்கின்றன என்பது பெரும் நிறைவு. எனினும் பழைய ஆர்கேட் விளையாட்டுகளின் மறுபதிப்புகளில் இன்று பெருகிவரும் ஒரு வசதி, அதாவது ஆட்டத்தைச் சில நொடிகள் பின்னோக்கி ஓட்டிச் சாவையே அழித்துவிடும் வசதி, இக்கலைக்கு நேர்ந்த இழப்பு. அதைப் பழகியவரின் விரல், குண்டுப் பொத்தானின்மேல் ஒரு கணம்கூடத் தயங்குவதில்லை. அந்தத் தயக்கத்துக்காகவே யுகேயின் மண்டையோடு வரையப்பட்டது.