இனம் என்னும் சொல்

பாடசாலைகளிற் காலையில் ஒரு பொருளும் மாலையில் வேறொரு பொருளும் தரும் சொல் ஒன்று உண்டு. 'இனம்' என்பதே அது. உயிரியற் பாடத்தில் மாவும் பலாவும் இரு வேறு இனங்கள். வரலாற்றுப் பாடத்திற் சிங்களவரும் தமிழரும் இரு வேறு இனங்கள். இவ்விரண்டையும் ஒரே நாளிற் கேட்கும் மாணவன் முன்னதன் பொருளைப் பின்னதன்மீது ஏற்றிவிடுதல் வியப்பன்று. கற்றோர் பலரும் அவ்வாறே செய்கின்றனர். மேடைகளில் இச்சொல்லைத் தொடர்ந்து 'இரத்தம்', 'தூய்மை' என்பனவும் வந்து சேருகின்றன. ஆகவே இச்சொல்லை நெருங்கி ஆராய்தல் எமது கடமையாகின்றது.

தம்முள் கலந்து இனம்பெருக்கி, பிற கூட்டங்களோடு அவ்வாறு கலவாது நிற்கும் உயிர்க்கூட்டமே இனம் என ஏர்ணஸ்ற் மயர் 1942இல் வரையறுத்தார். கடலோ மலையோ ஒரு கூட்டத்தைப் பிரிக்கின்றது. பிரிந்தவை தனித்தனியே மாறுகின்றன. மீண்டும் சந்திக்கும்போது அவை கலக்க இயலாதனவாயின் புதிய இனம் தோன்றிவிட்டது எனலாம். கலாபகோஸ் தீவுக்கூட்டத்தின் டப்னி மேஜர் என்னும் சிறு தீவில், பீற்றர், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியினர் 1973 முதல் குருவிகளை ஆராய்ந்து வந்தனர். 1981இல் வேறொரு தீவிலிருந்து பெருத்த ஆண்குருவியொன்று அங்கு வந்து உள்ளூர்ப் பெட்டையோடு கூடியது. அதன் வழிவந்தவை பாட்டாலும் அலகாலும் வேறுபட்டு, சில தலைமுறைகளுக்குள் தம்முள் மட்டுமே கூடலாயின. புதிய இனமொன்றின் தொடக்கத்தை மனிதர் கண்ணாற் கண்ட அரிய நிகழ்ச்சி இது.

பாட்டுக் குருவிகளைப் பிரித்ததாயின் மொழி மனிதரைப் பிரியாதோ எனச் சிலர் வினவக்கூடும். குருவி இளமையில் தந்தையிடம் கற்ற பாட்டையே ஆயுள் முழுதும் பாடுகின்றது. மனிதனோ அயலவன் மொழியைக் கற்கின்றான், அயலவளை மணக்கின்றான், அவர்தம் பிள்ளை இருமொழியும் பேசுகின்றது. இன்று வாழும் மனிதக் கூட்டங்கள் எவற்றினிடையேயும் குருவிகளிடம் நேர்ந்த துண்டிப்பு நேரவில்லை.

இனி, உறவை அறியும் முறையை நோக்குவோம். ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கியோர்க்கு இது எளிதில் விளங்கும். இரு சுவடிகளிற் சரியான பாடம் ஒன்றாயிருத்தல் நெருங்கிய உறவுக்குச் சான்றாகாது. அது மூலத்திலேயே இருந்ததாகும். தனித்தனியே நேர்ந்திருக்க முடியாத ஒரே பிழை இரண்டிலும் இருப்பின், அப்பிழை புகுந்த ஏடொன்றின் வழியே இரண்டும் வந்தன எனத் துணியலாம். வில்லி ஹெனிக் 1950இல் உயிரியலுக்கு வகுத்த முறையும் இத்தகையதே. பழைய பொதுச் சொத்தை விடுத்து, பின்னர் தோன்றிய புதுமையை எவை பகிர்கின்றன என்று காணவேண்டும். முதலை பல்லியைப் போலத் தோன்றினும், உறவிற் பறவைக்கே நெருங்கியது, டி.என்.ஏ. ஆய்வும் இதனை உறுதி செய்துள்ளது. தோற்றத்தை நம்புவோர் உறவிற் பிழைப்பர்.

மனிதரிடத்தும் அவ்வாறே. 1871இல் டார்வின், மனித வகைகளை இரண்டு எனத் தொடங்கி அறுபத்துமூன்று எனும்வரை அறிஞர் பலவாறு எண்ணியதை எடுத்துக்காட்டி, அவை ஒன்றினுள் ஒன்று படிப்படியாகக் கலந்து நிற்பதாலேயே இக்குழப்பம் எழுந்தது என்றார். 1972இல் றிச்சார்ட் லெவொன்ரின், மனிதரிடையே உள்ள மரபு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 வீதம் ஒவ்வொரு கூட்டத்தினுள்ளேயே காணப்படுவதைக் கணக்கிட்டுக் காட்டினார். உயிரியலின்படி இன்றைய மனிதர் அனைவரும் ஓரினமே.

எம்மிடையே இக்குழப்பத்தை வளர்த்ததில் மொழிநூலுக்கும் பங்குண்டு. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது. சிங்களம் இந்து-ஆரியக் கிளையைச் சேர்ந்தது, தமிழ் திராவிடக் கிளையைச் சேர்ந்தது என்பன ஐயத்துக்கு இடமற்ற முடிபுகள். ஆனால் அது மொழிகளின் வமிசாவளி. பேசுவோரின் வமிசாவளி அன்று. ஆரியர் என்று தாம் கூறுவது மொழியையன்றி இரத்தத்தை அன்று என மாக்ஸ் முல்லரே 1888இல் எழுத நேர்ந்தது. வெவ்வேறு கிளையைச் சேர்ந்த இவ்விரு மொழிகளிலும் தமக்கையை 'அக்கா' என்றே அழைக்கின்றனர் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அவ்வாறாயின், தமிழர் என்ற மக்கட் கூட்டம் பொய்யோ? அன்று. மொழியும் நிலமும் உழைப்பும் வரலாறும் ஆக்கிய மக்கட் கூட்டம் உண்மையானது. அதன் மொழியுரிமையும் வாழ்வுரிமையும் அம்மக்களின் வாழ்விலிருந்தே எழுகின்றன. அவற்றுக்கு இரத்தத்தைச் சான்று தேடுவோர், அதே சான்றைக்கொண்டு தம்மவருள் ஒரு பகுதியினரைப் பிறப்பால் இழிந்தவர் என ஒதுக்கவும் தயங்கார். சாதியம் பேசும் மொழியும் இதுவே.

தமிழகத்துப் பாடநூல்கள் உயிரியற் பொருளில் 'சிற்றினம்' என எழுதுகின்றன. அதனை ஏற்பதோ, வேறு சொல் காண்பதோ அறிஞர் பொறுப்பு. அதுவரை, கரும்பலகையில் 'இனம்' என எழுதும் ஆசிரியர் ஒவ்வொருவரும் அதன் கீழ் இரு பொருளையும் பிரித்தெழுதிக் காட்டுவாராக. அச்சிறு செயல் எமது மாணவரைப் பெரும் பொய்யொன்றினின்று காக்கும்.