தவறணையும் சுய உதவிக் குழுவும்

மதுரையில் நடந்த சமூகப் பணியாளர் பயிற்சியொன்றில், "சமூகத் தொழில்முனைவு உங்கள் பக்கம் போருக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் சொல்லிக்கொடுத்ததுதானே?" என்று, இலங்கையின் யாழ்ப்பாணத்திலிருந்து போன என்னிடம் ஒருவர் கேட்டார். நாங்கள் முயற்சியாண்மை என்போம். பெயர் வேறானாலும், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

யாழ்ப்பாணத்தில் ஒருகாலத்தில் தவறணைகள், அதாவது கள்ளுக்கடைகள், குத்தகைக்காரர் கையில் இருந்தன. பாளை சீவியவருக்குக் கூலிதான் மிச்சம். எழுபதுகளில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்ததும் கணக்கு மாறியது. மரத்தால் இறங்கியவர் முட்டியோடு வந்து கள்ளை அளந்து ஊற்றுவார். சங்க எழுதுநர் பதிவார். விலையில் ஒரு பங்கு அவர் பெயரிலேயே சேமிப்பாகும். விற்பதும் சங்கம், இலாபமும் அங்கத்தவருக்கு. யாழ்ப்பாணத்து மூளாய் ஊரில் சுதந்திரத்துக்கு முன்னரே ஊர் மக்கள் கூட்டுறவு வைத்தியசாலையே கட்டினார்கள். இதையெல்லாம் எந்தப் பயிற்சிப் பட்டறையும் எங்களுக்குத் தரவில்லை.

தமிழ்நாட்டிலும் பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் உண்டு. ஆனால் 1987 முதல் கள் இறக்கத் தடை. பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்கும் குடும்பம் வியாபாரியின் முன்பணத்தில் சிக்கிக்கொள்வதை, நான் போன ஓரிரு ஊர்களிலேயே கேட்டேன்.

தமிழ்நாட்டின் பலம் மகளிர் சுய உதவிக் குழு. 1989இல் தருமபுரியில் தொடங்கியது. 1992இல் நபார்டு எனும் வேளாண் வளர்ச்சி வங்கி குழுக்களை வங்கிகளோடு இணைத்தது. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள், ஓர் ஊக்குநர், முதலில் சேமிப்பு, பிறகே கடன். அந்த ஒழுங்கைப் பாராட்டத்தான் வேண்டும். என்றாலும் மேலிருந்து வந்த திட்டத்துக்கும் தொழிலாளர் தாங்களே சொந்தம் கொண்டாடும் சங்கத்துக்கும் வேறுபாடு இருக்கிறது என்பேன்.

போருக்குப் பின் எங்கள் ஊர்களுக்கு வந்த நுண்கடன் நிறுவனங்கள் குழு முறையை மட்டும் எடுத்துக்கொண்டு சேமிப்பை விட்டுவிட்டன. ஒருத்தி கட்டாத தவணைக்கு மற்றவர்கள் வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். 2018இல், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பட்ட ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களுக்கு அரசே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. பக்கத்திலேயே சங்கம் இருக்க, அதைப் பலப்படுத்த முன்வந்தவர்கள் குறைவு.

சமூகப் பணி படிக்கும் பிள்ளைகளே, ஊருக்குள் போனதும் புதுக் குழுவுக்குப் பெயர் வைக்காதீர்கள். அங்குள்ள சங்கத்தின் கணக்கையும் ஆண்டுப் பொதுக்கூட்ட அறிக்கையையும் கேட்டு வாங்கி வாசியுங்கள். சீவல் தொழிலுக்கு இளையவர் வருவது குறைந்துவிட்டது. சங்கங்களுக்குப் புதுச் சந்தையும் கணக்குத் தெரிந்தவர்களும் தேவை. அந்த வேலைக்கு நீங்கள் வாருங்கள்.