மிஞ்சிய இசைத்தட்டுகள்

விற்காமல் மிஞ்சிக் கிடக்கும் சரக்கு தரங்குறைந்த சரக்கே என்னும் எண்ணம் நம்மவரிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. புடைவைக் கடையிலே இது ஓரளவு பொருந்தலாம். கலைக்கும் இதையே அளவுகோலாகக் கொண்டால் பெரும் பிழை நேரும்.

அமெரிக்காவில் எந்தக் கம்பெனியையும் சாராது, சொந்தப் பொருளைச் செலவிட்டு இசைத்தட்டு வெளியிட்ட ஜாஸ் வித்வான்கள் பலர், வீட்டில் அடுக்கிக் கிடக்கும் குறுந்தட்டுகளை இப்பொழுது கட்டுக்கட்டாகக் குறைந்த விலைக்குக் கழித்து வருகின்றனர். அவ்விதம் ஒருவர் விற்ற ஐந்து தட்டுகளை நாம் தபாலில் வருவித்தோம். தட்டின் விலையைக் காட்டிலும் தபாற்கூலி அதிகம். பொட்டலத்தைப் பார்த்த நண்பர் ஒருவர், "கேட்பாரில்லாத சங்கீதத்தைக் காசு கொடுத்து வாங்கினீரோ?" என்று நகைத்தார். அன்று அவருக்குச் சரியாக விடையிறுக்க நம்மால் இயலவில்லை. அதனையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பு மக்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரிலே உருவாக்கிய இசை. ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு மேடையிலேயே கற்பனை செய்து விரித்துச் செல்வதே அதன் உயிர். கோவில் திருவிழாவில் நள்ளிரவு நாகசுரத்தைக் கேட்டிருக்கும் தோட்டத்து அன்பர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டா.

கணக்கெழுதிப் பிழைப்பவர்களாகையால் முதலிற் கணக்கைப் பார்ப்போம். குறுந்தட்டு செய்யும் ஆலையிலே முதலில் கண்ணாடித் தகட்டில் மூலப்பதிவு எடுத்து, அதினின்றும் உலோக அச்சு உண்டாக்குகின்றனர். அச்செலவு 100 தட்டுக்கும் ஒன்றே. 1000 தட்டுக்கும் ஒன்றே. ஆதலால் தொகை ஏற ஏற ஒரு தட்டின் அடக்கவிலை இறங்குகிறது. 300 பேரே வாங்குவர் என நன்கறிந்த வித்வானும் 1000 தட்டுக்கு உத்தரவு கொடுப்பது இதனாலேதான். எஞ்சும் 700 தட்டுகளும் உத்தரவு கொடுத்த அன்றே எஞ்சிவிட்டன. கேட்டவர் வெறுத்து ஒதுக்கியதால் அல்ல. லாரிக்கூலி மிச்சமாகட்டுமென்று ஒரே நடையில் வருவித்த உரமூட்டைகளிற் பாதி, ஆண்டு முடிவில் நமது தோட்டத்துக் கிடங்கிலே இருப்பதுண்டு. அதனால் அவ்வுரம் தாழ்ந்தது என்று எந்தத் துரையும் சொன்னதில்லை.

காலமும் மாறிற்று. 1982இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த குறுந்தட்டு, அமெரிக்காவிலே 2000ஆம் ஆண்டையொட்டி உச்சத்தை எட்டிப் பின்னர்ச் சரிந்தது. டெரெக் சிவர்ஸ் என்னும் இசைஞர் 1998இல் தொடங்கிய 'சிடி பேபி' நிறுவனமே தனித்து நின்ற கலைஞர் பலருக்குக் கடையாக விளங்கியது. அதுவும் 2020இல் கடையை மூடிவிட்டது. கைப்பேசியிலே பாட்டுக் கேட்பவர் தட்டை வைத்து என்ன செய்வார்?

நிற்க. தம் கைப்பொருளைக் கொண்டு தட்டு வெளியிடுவதால் கலைஞர் அடைவதென்ன? பெட்டி கார்ட்டர் (1929–1998) என்ற பாடகியாரின் தட்டே இதற்குத் தக்க விடை. பெரிய கம்பெனிகள் தமது போக்குக்கு இடந்தராமையால், 1970ஐ ஒட்டித் தம் பெயரையே சுருக்கி 'பெட்-கார்' என்று சொந்த நிறுவனமொன்றை அமைத்தார். 1979 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ நகரத்து கிரேட் அமெரிக்கன் மியூசிக் ஹாலில் அவர் பாடியது, 'தி ஆடியன்ஸ் வித் பெட்டி கார்ட்டர்' என்ற இரட்டைத் தட்டாக 1980இல் வெளிவந்தது. அதன் முதற்பாட்டு ஏறக்குறைய 25 நிமிஷம்! பெரும்பகுதியிற் சொற்களே இல்லை. பொருளற்ற அசைகளைக் கொண்டே குரலை ஒரு வாத்தியமாக்கி விடுகிறார். தாளம் பாய்ந்தோடும், திடீரெனத் தயங்கும், மறுபடியும் பாயும். பியானோவில் ஜான் ஹிக்ஸ், பாஸில் கர்ட்டிஸ் லண்டி, முரசில் கென்னி வாஷிங்டன் ஆகிய மூவரும் நிழல்போற் பின்தொடர்கின்றனர். பாட்டின் நடுவே சிறிது தளர்வு உண்டென்பதே நமது அபிப்பிராயம். ஆயினும் அத்தளர்வுக்குப்பின் அவர் மீண்டெழும்போது உண்டாகும் கிளர்ச்சி, வெட்டிச் சுருக்கிய பாட்டிலே கிட்டாது. வானொலிக்கென 3 நிமிஷப் பாட்டைத் தேடும் கம்பெனிக்காரர் இதற்கு இசைந்திருப்பாரா? அந்த 25 நிமிஷம் அவர் தம் பணத்தால் வாங்கிய சுதந்திரம். விற்கும் பாரமும் அவர் தலையிலேயே விழுந்தது.

பின்னர் வெர்வ் என்னும் பெருங்கம்பெனி அவரை ஏற்றது. அதன்வழி 1988இல் வந்த தட்டு கிராமி பரிசும் பெற்றது. முன்பு அவரே விற்றுவந்த பழைய தட்டுகளையும் அக்கம்பெனி குறுந்தட்டாக்கிக் கடைகளுக்கு அனுப்பிற்று. அதே குரல், அதே நீண்ட பாட்டு. மாறியது உறையிலிருந்த முத்திரையே.

சன் ரா (1914–1993) வேறு வழி கண்டவர். 1950களின் நடுவில் சிகாகோவில் ஆல்டன் ஆப்ரஹாம் என்பவருடன் சேர்ந்து தொடங்கிய 'சாட்டர்ன்' நிறுவனத்திலே தட்டுகளைச் சிறுசிறு தொகையாக அச்சிட்டு, பல உறைகளுக்குக் குழுவினரே கையாற் சித்திரம் தீட்டி, கச்சேரி மேடையருகிலும் தபாலிலும் விற்றனர். இன்று அவற்றைச் சேகரிப்போர் பெருவிலை கொடுத்துத் தேடுகின்றனர். தமிழ்ப் பெற்றோருக்கு 1971இல் நியூயார்க் மாநிலத்திலே பிறந்த பியானோ வித்வான் விஜய் ஐயரின் முதல் தட்டும், 1995இல் இசைஞர்களே நடத்திய சிறு நிறுவனமொன்றின் வழியாகத்தான் வந்தது. நகைத்த நண்பர் இதனை அறியார்.

நாம் வாங்கிய தட்டுகளுக்கு வருவோம். ஒவ்வோர் உறையினுள்ளும் சிறு ஏடொன்று உண்டு. யார் எதை வாசித்தார், எந்நாள், எந்தக் கூடத்தில் என்றெல்லாம் அதிற் பொறித்திருக்கிறது. கைப்பேசியிலே அதே பாட்டைத் தேடினோம். தலைவர் பெயர் மட்டுமே தென்பட்டது. பக்கவாத்தியக்காரரைக் காணோம். அறுவடைக் கணக்கிலே ஆட்களின் பெயரை விட்டு மண்டோரின் பெயரை மாத்திரம் எழுதினால் தோட்டத்தில் என்ன நடக்கும் என்பதை வாசகர் அறிவர்.

அவ்வித்வான்மீதும் நமக்கொரு குறையுண்டு. விற்பனை அறிவிப்பிலே, வீட்டில் இடமில்லையென்றும் பெட்டிகளைக் கழித்தாக வேண்டுமென்றும் மன்னிப்புக் கேட்பவர்போல் எழுதியிருந்தார். வாசிப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இரண்டாந்தட்டில் அவர் சாக்ஸபோனும் பாஸும் மட்டும் தனித்து உரையாடும் பகுதியொன்று இருக்கிறது. அதனைக் குறித்து நான்கு வரி எழுதியிருப்பின் இன்னும் பத்துப்பேர் வாங்கியிருப்பர். அரிசி வியாபாரி கூடத் தன் அரிசியை ஒரு பிடி அள்ளிக் காட்டிய பின்னரே விலை சொல்கிறான்.

நமது பழைய புரோட்டன் வண்டியிலே தட்டு வாசிக்கும் கருவி இன்னும் பழுதின்றி இருக்கிறது. சம்பளப் பட்டியலை எடுத்துக்கொண்டு பட்டணத்துக்குச் செல்லும் நாட்களில் அவ்விரண்டாந்தட்டே ஒலிக்கும். சென்ற மாதம் அந்நண்பரை உடன் அழைத்துச் செல்ல நேர்ந்தது. வழிநெடுக அவர் ஒன்றும் பேசவில்லை. இறங்கும்போது தட்டை உறையுடன் கேட்டு வாங்கிச் சென்றவர், இன்றுவரை திருப்பித் தரவில்லை.