முகமும் அது வாழும் இடமும்

ஒரு மனிதரை அவர் வாழும் வீட்டிலோ உழைக்கும் களத்திலோ நிறுத்தி எடுக்கும் உருவப்படம், நிழற்படக் கலையில் தனியொரு துறையாக வளர்ந்திருக்கிறது. குயவர் தம் சக்கரத்தருகே இருப்பார்; பரிசல்காரர் ஒகேனக்கல் நீர்விளிம்பில் துடுப்புடன் நிற்பார். இடம், முகத்திற்கு உரை எழுதுகிறது என்பது இத்துறையின் நம்பிக்கை. ஆனால் அந்த உரையை எழுதுகிறவர் யார்? படத்தில் நிற்பவரா, கேமராவைப் பிடித்திருப்பவரா? இப்படைப்புகளை இந்த வினாவைக் கொண்டே எடைபோட வேண்டும் என்று கருதுகிறேன்.

தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் வீடுகளின் சுவர்களைப் பாருங்கள். கேழ்வரகுக் கொல்லையிலோ கல் உடைக்கும் இடத்திலோ எடுத்த படத்தை அங்கே காண்பது அரிது. வண்ணத் திரைக்கு முன்னே, பெட்டியிலிருந்து எடுத்து உடுத்திய புடவையோடும் வாரிவிட்ட தலையோடும் ஸ்டுடியோவில் எடுத்த படமே மாட்டப்பட்டிருக்கும். கலை அறிந்தோர் அதைப் போலி என்று ஒதுக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாள் முழுவதும் உழைப்பால் மட்டுமே அறியப்படும் ஒருவர், உழைப்புக்கு அப்பாலும் தாம் ஒரு மனிதரே என்று விடுக்கும் அறிக்கை அது. ஆகவே அவரை வேலைத்தளத்தில் படம்பிடிக்க வருகிறவர், அந்த இடத்தைத் தேர்ந்தது அவரல்லர், தாமே என்பதை மறக்கலாகாது.

மறந்தால் என்ன நேரும் என்பதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய ஏழு தொகுதிகளை 1909-இல் வெளியிட்டார். அன்றைய சேலம் மாவட்டத்தின் மலையாளி மக்களும் அவற்றில் இடம்பெறுகின்றனர். செய்திகளின் களஞ்சியம் என்ற வகையில் அந்நூலின் பயனை மறுப்பதற்கில்லை. ஆயினும் மூக்கையும் மண்டையையும் கருவிகொண்டு அளந்த அதே பார்வைதான் அதன் படங்களிலும் தெரிகிறது. பெரும்பாலான படங்களின் கீழே ஓர் இனத்தின் பெயர் இருக்கிறது. அந்த மனிதரின் பெயர் இல்லை.

ஜெர்மானியக் கலைஞர் ஆகஸ்ட் சாண்டர் வேறு வழி கண்டார். தம் நாட்டு மக்களைத் தொழில்வாரியாகப் படமெடுத்து, அறுபது படங்களை 1929-இல் நூலாக்கினார். 1928-இல் அவர் எடுத்த இனிப்புப் பண்டக் கலைஞரின் படம் புகழ்பெற்றது. வெள்ளை மேலங்கியணிந்த பருத்த மனிதர், கையில் பெரும் பாத்திரத்தோடு தம் சமையற்கூடத்தில் நின்று நம்மை நேராக நோக்குகிறார். அங்கே அவரே தலைவர், நாம் விருந்தினர். நாஜி ஆட்சி 1936-இல் அந்நூலின் அச்சுத் தகடுகளை அழித்தது. எனினும் சாண்டரிடமும் ஒரு குறை உண்டு. தொழிலைக் குறித்தவர், பல படங்களில் பெயரைக் குறிக்கவில்லை.

இவ்விரு எடுத்துக்காட்டுகளையும் மனத்தில் கொண்டு, மதுரையை அடுத்த ஜவகர்லால்புரத்தில் பிறந்த ம. பழனிக்குமாரின் படங்களை அணுகலாம். மலக்குழித் தொழிலாளர் அவலத்தை வெளிக்கொணர்ந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்திற்கு 2017-இல் ஒளிப்பதிவு செய்தவர் அவர். ஊரக வாழ்வைப் பதிவுசெய்யும் ‘பாரி’ ஆவணக் காப்பகத்தின் வாயிலாக அவரது படங்கள் பலரையும் எட்டின. தயாநிதா சிங்–பாரி ஆவண நிழற்பட விருதை 2022-இல் முதலாவதாகப் பெற்றவரும் அவரே. அவருடைய தாய் மீன் விற்பவர். உழைப்பாளரின் உலகம் அவருக்கு வேடிக்கை பார்க்கும் இடமன்று. பிறந்து வளர்ந்த வீடு.

இராமநாதபுரம் மாவட்டத்துப் பாரதிநகரில் கடற்பாசி எடுக்கும் பெண்களை அவர் எடுத்த படங்கள் இதை உணர்த்துகின்றன. விரல்களில் துணி சுற்றி, நீர்க்கண்ணாடி அணிந்து, மூச்சடக்கி மூழ்கும் பெண்கள் அவர்கள். பாறையும் பவளமும் கைகளைக் கிழிக்கும் தொழில் அது. இப்படங்களில் கடல் வெறும் பின்னணியாக நிற்கவில்லை; அவர்கள் நாள்தோறும் போராடும் எதிராளியாகவும் சோறிடும் தாயாகவும் இருக்கிறது. படங்களோடு அப்பெண்களின் பெயர்கள் உள்ளன. அவர்கள் சொன்ன வாழ்க்கையும் உடன் வருகிறது. இரக்கத்தை இரந்து நிற்கும் முகம் அங்கே இல்லை. தம் திறனை அறிந்த முகமே இருக்கிறது.

ஓர் ஐயமும் எழுகிறது. கடலின் ஒளி அத்தனை அழகாக இருக்கையில், பார்ப்பவர் அழகில் லயித்து ஆபத்தை மறந்துவிடக்கூடும். துயரத்தை அழகாகக் காட்டும் எந்தக் கலைக்கும் இந்தச் சோதனை உண்டு. பெயரும் சொல்லும் உடன் இருப்பதே இங்கு அதற்குக் காவல். அவற்றை நீக்கிப் படத்தை மட்டும் சுவரில் மாட்டினால் அந்தக் காவல் போய்விடும்.

இது கலைஞர்களுக்கு மட்டும் உரிய செய்தியன்று. நம் ஆலயங்களின் விழா மலர்களையும் சமூகப்பணி அறிக்கைகளையும் புரட்டிப் பாருங்கள். நன்கொடையாளரின் படத்தின் கீழே பெயரும் பட்டமும் இருக்கும். சாரத்தில் ஏறிக் கோபுரம் எழுப்பிய கொத்தனாரும் சித்தாளும் ‘பணியில் தொழிலாளர்கள்’ என்ற இரு சொற்களில் அடங்கிவிடுவர். புத்தகப்பை வாங்கும் குழந்தை, ஒழுகும் கூரையின் முன்னே நிறுத்தப்படும். அங்கே அதன் வீடு வீடாக இருப்பதில்லை, வறுமைக்குச் சான்றிதழாகிவிடுகிறது. இதுவும் தர்ஸ்டனின் வழியே அல்லவா?

உழைப்பாளரான புனித சூசையப்பருக்கு மே முதல் நாளைத் திருவிழாவாக 1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் ஏற்படுத்தினார். தச்சுப் பட்டறையில் கருவிகளோடு நிற்கும் அவரது படம் நம் வீடுகளில் இருக்கிறது. அவரைப் பெயர் சொல்லி அழைக்கிறோம். எவரும் ‘ஒரு தச்சர்’ என்று சொல்வதில்லை. அந்த மரியாதையை நம்மிடையே வாழும் தச்சருக்கும் தந்தாலென்ன? எடுக்குமுன் இசைவு கேட்போம். எங்கே, எப்படி நிற்க விரும்புகிறார் என்றும் கேட்போம். அச்சிடுகையில் அவர் விரும்பினால் பெயரைச் சேர்ப்போம். ஒரு படியை அவர் கையிலும் கொடுப்போம். அதைத் தம் வீட்டுச் சுவரில், ஸ்டுடியோப் படத்தின் அருகே, அவர் மனமுவந்து மாட்டுவாரானால், அதைவிடச் சிறந்த திறனாய்வு அந்தப் படத்திற்குக் கிடைக்கப்போவதில்லை.